ஐடிசி, விஎஸ்டி, காட்ஃப்ரே பிலிப்ஸ்: டிவிடெண்ட் வருமானத்துக்குச் சிகரெட் கம்பெனிப் பங்குகள் சரிவருமா?

கொள்ளிடம்77 கேட்டது:

வணக்கம். அப்பாவுக்கு 61 வயது. ஓய்வுப் பணத்தில் 10 லட்சத்தைச் சிகரெட் கம்பெனிப் பங்குகளில் போட்டுவிட்டு, வருகிற டிவிடெண்டை (லாபத்திலிருந்து கம்பெனி தரும் பணத்தை) வீட்டுச் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். பென்ஷன் தனியாக வருகிறது. பங்குகளை விற்கும் எண்ணம் இல்லை. 2026 ஜனவரியில் விலை இறங்கியதால் இப்போது வாங்கினால் டிவிடெண்ட் சதவீதம் நன்றாக இருக்கும் என்பது அவர் கணக்கு.

10 லட்சத்துக்குக் கையில் உண்மையில் எவ்வளவு வரும், எந்த மாதம் வரும்? ரெக்கார்ட் டேட்டுக்கு (டிவிடெண்ட் யாருக்கு என்று கம்பெனி கணக்கெடுக்கும் நாள்) முந்தின வாரம் வாங்கினால் லாபமா? ஐடிசி, விஎஸ்டி, காட்ஃப்ரே மூன்றில் எது? எஃப்.டி.க்குப் பதிலாக இதை வைக்கலாமா? தெரிந்தவர்கள் எண்களோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

பங்குக்கணக்கு எழுதியது:

முதலில் ஐடிசி. 2024-25ஆம் ஆண்டுக்கு இடைக்கால டிவிடெண்ட் ₹6.50, இறுதி டிவிடெண்ட் ₹7.85, சேர்த்து ₹14.35. விலை ₹400 என்றால் 3.6%, ₹350 என்றால் 4.1%, ₹320 என்றால் 4.5%. நீங்கள் வாங்குகிற விலையைப் போட்டு வகுத்துக்கொள்ளுங்கள்.

₹350க்கு வாங்கினால் 10 லட்சத்துக்கு 2,857 பங்குகள். ஆண்டுக்கு ₹40,998. இது இரண்டே தவணையாக வரும். இடைக்காலத்துக்கு ரெக்கார்ட் டேட் பிப்ரவரியில், பணம் மார்ச் முதல் வாரவாக்கில். இறுதி டிவிடெண்டுக்கு ரெக்கார்ட் டேட் மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ (2025ல் மே 28), ஆனால் ஜூலையில் பொதுக்குழு ஒப்புதல் கொடுத்த பிறகு மாதக் கடைசியில்தான் பணம் ஏறும். ஆகஸ்ட் முதல் பிப்ரவரி வரை ஒரு பைசா வராது. மாதச் செலவுக்கு இதை நம்பக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

இப்போது மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தைப் பாருங்கள். 8.2% வட்டி, 10 லட்சத்துக்குக் காலாண்டுக்கு ₹20,500, ஆண்டுக்கு ₹82,000. கணக்கு தொடங்கும்போது இருக்கிற விகிதம் 5 ஆண்டுக்கும் மாறாது. ஐடிசி தருவதைப் போல இரண்டு மடங்கு.

"டிவிடெண்ட் வளருமே" என்று சொல்வார்கள். வளர்ந்திருக்கிறது. 2020-21ல் ₹10.75, 2024-25ல் ₹14.35. ஆண்டுக்கு ஏறக்குறைய 7.5%. அதே வேகத்தில் தடங்கலே இல்லாமல் போனாலும் ₹41,000 என்பது ₹82,000 ஆக ஒன்பதரை ஆண்டு ஆகும். 61 வயதுக்காரருக்கு அப்போது 70 தாண்டியிருக்கும். பத்தாண்டு வளர்ச்சி என்று இன்னும் பெரிய சதவீதம் காட்டுகிறவர்கள் 2018-19ல் ₹5.75 ஆக இருந்தது 2019-20ல் ₹10.15 ஆனதையும் அதில் சேர்த்திருப்பார்கள். அந்த ஆண்டோடு டிவிடெண்ட் பகிர்வு வரி எடுக்கப்பட்டு, வரி பங்குதாரர் தலைக்கு மாறியது. லாபத்தில் 80 முதல் 85 சதவீதம் வரை பகிர்வோம் என்று கம்பெனியும் கொள்கை அறிவித்தது. அப்படி ஒரு தாவல் இனி வர வழியில்லை.

காரணம் இதுதான்: 2024-25ல் டிவிடெண்டுக்கு மட்டும் ஏறக்குறைய ₹18,000 கோடி போயிருக்கிறது, ஹோட்டல் தொழிலைத் தனிக் கம்பெனியாகப் பிரித்ததால் வந்த ஒருமுறைக் கணக்கு லாபத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அந்த ஆண்டு லாபம் ₹20,000 கோடி பக்கம். 90% பகிர்ந்தாகிவிட்டது. லாபத்தில் பாதியைக் கொடுக்கிற கம்பெனி என்றால், ஒரு மோசமான ஆண்டில் பகிர்வு விகிதத்தைக் கூட்டி டிவிடெண்டைக் காப்பாற்றும். இங்கே அந்த இடைவெளி இல்லை. லாபம் 15% குறைந்தால் டிவிடெண்டும் கிட்டத்தட்ட அவ்வளவு குறையும் என்று எடுத்துக்கொண்டுதான் திட்டமிட வேண்டும்.

ரெக்கார்ட் டேட்டுக்கு முன் வாங்கும் யோசனை வீண். செட்டில்மென்ட் டி+1 ஆன பிறகு (வாங்கிய பங்கு அடுத்த வர்த்தக நாளே கணக்கில் சேரும்) எக்ஸ் டேட்டும் (அன்று முதல் வாங்குகிறவருக்கு அந்த டிவிடெண்ட் கிடையாது) ரெக்கார்ட் டேட்டும் ஒரே நாள். அதற்கு முந்தின வர்த்தக நாளுக்குள் வாங்கியிருக்க வேண்டும். ஆனால் ₹7.85 டிவிடெண்ட் என்றால் எக்ஸ் டேட் அன்று விலை ஏறக்குறைய அவ்வளவு கழித்துத்தான் திறக்கும். 30% வரம்பில் இருப்பவர் அந்த ₹7.85ல் செஸ் சேர்த்து ₹2.45 வரியாகக் கட்டுவார். விலையில் இழந்தது முழுசு, கையில் கிடைத்தது 70%க்கும் கீழே.

குண்டூர்_இலை எழுதியது:

மேலே உள்ள கணக்கு சரி. லாபம் எதனால் குறையும் என்பதை நான் சொல்கிறேன். சிகரெட் தொழிலில் அது பெரும்பாலும் டெல்லியில் முடிவாகும் விஷயம்.

ஐடிசியில் பிஸ்கட், ஆட்டா, காகிதம் எல்லாம் இருந்தாலும் பிரிவுவாரி லாபத்தில் முக்கால் பங்குக்கு மேல் சிகரெட்டிலிருந்துதான் வருகிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி கவுன்சில் செஸ்ஸை ஏற்றியது. மறுநாள் ஒரே நாளில் பங்கு 12%க்கு மேல் விழுந்தது. அந்த மாத உச்சத்தை மறுபடி தொட 2022 ஆகிவிட்டது. ஐந்து ஆண்டு டிவிடெண்ட் வாங்கியவர் மனசைத் தேற்றிக்கொள்ளலாம், ஆனால் நடுவில் அவசரத்துக்கு விற்க வேண்டியிருந்தவருக்கு அடி பலம்.

இப்போதைய மாற்றம் அதைவிட அடிப்படையானது. 28% ஜிஎஸ்டியும் இழப்பீட்டு செஸ்ஸும் இருந்த இடத்தில், 2026 பிப்ரவரி 1 முதல் 40% ஜிஎஸ்டியும், அதோடு சிகரெட்டின் நீளத்தைப் பொறுத்து 1,000 குச்சிக்கு ₹2,050 முதல் ₹8,500 வரை மத்திய உற்பத்தி வரியும். ஒரு குச்சிக்கு உற்பத்தி வரி மட்டும் ₹2.05லிருந்து ₹8.50 வரை. டிசம்பர் 31 இரவு அறிவிப்பு வந்தது. ஜனவரி 1 அன்று ஐடிசி கிட்டத்தட்ட 10%, காட்ஃப்ரே அதைவிட அதிகமாகவே விழுந்தது.

வரி ஏறினால் கம்பெனிக்கு மூன்று வழி. பாக்கெட் விலையை ஏற்றலாம். அப்போது ஒரு பகுதி ஆட்கள் பீடிக்கோ, வரி கட்டாமல் எல்லை தாண்டி வருகிற சிகரெட்டுக்கோ போவார்கள். தானே தாங்கலாம், அப்போது லாப விகிதம் சுருங்கும். மூன்றாவது, நீளத்தைக் குறைத்துக் கீழ் ஸ்லாப்புக்குப் போவது. 65 மி.மீ.க்கு உட்பட்ட ஸ்லாப் 2012ல் வந்தபோது 64 மி.மீ. சிகரெட்டுகள் கடைகளை நிறைத்தது இப்படித்தான். வழக்கமாக மூன்றையும் கலந்து செய்வார்கள், அதனால் முழுப் பாதிப்பு தெரிய நான்கைந்து காலாண்டு எடுக்கும். ஜனவரியில் விலை இறங்கிவிட்டது என்பதாலேயே பாதிப்பு முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

காலாண்டு முடிவைப் படிக்கும்போது ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். ஜிஎஸ்டியும் அதன் செஸ்ஸும் கம்பெனியின் வருவாய்க் கணக்கில் வராது. உற்பத்தி வரி மொத்த வருவாய்க்குள் வரும், பிறகு செலவாகக் கழிக்கப்படும். செஸ் போய் உற்பத்தி வரி வந்ததால், ஒரு குச்சி கூட அதிகம் விற்காமலேயே மொத்த வருவாய் எகிறியதுபோல் தெரியும். "சிகரெட் வருவாய் அபார வளர்ச்சி" என்ற தலைப்பைப் பார்த்து வாங்காதீர்கள். உற்பத்தி வரி கழித்த நிகர வருவாயையும், சிகரெட் பிரிவின் வரிக்கு முந்தைய லாபத்தையும் முந்தின ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிடுங்கள். விற்ற எண்ணிக்கையை ஐடிசி துல்லியமாக வெளியிடுவதில்லை. செய்திகளில் வருவது அனலிஸ்டுகளின் மதிப்பீடு.

இன்னொன்று இலை விலை. ஆந்திராவிலும் கர்நாடகாவிலும் புகையிலை வாரியம் நடத்தும் ஏலத்தில் எஃப்சிவி (சிகரெட்டுக்கான ரகம்) இலை விலை ஏறினால் அது அடுத்தடுத்த காலாண்டுகளில் லாப விகிதத்தில் தெரியும். வாங்கிய இலையைப் பதப்படுத்தி முதிரவைத்துத்தான் பயன்படுத்துவார்கள் என்பதால் உடனே தெரியாது.

கொள்ளிடம்77:

இருவருக்கும் மிக்க நன்றி. அப்பாவிடம் 82,000க்கும் 41,000க்கும் உள்ள கணக்கைக் காட்டினேன், யோசிக்கிறார். ஒரு தளத்தில் விஎஸ்டி டிவிடெண்ட் சதவீதம் நம்ப முடியாத அளவுக்குக் காட்டுகிறது. ஐடிசியைவிட அது பரவாயில்லையா? டிடிஎஸ் (கம்பெனியே முன்கூட்டி வரி கழிப்பது) பிடிப்பதைத் தவிர்க்க என்ன செய்ய வேண்டும்?

பங்குக்கணக்கு:

நம்பாதது நல்லது. விஎஸ்டி 2024 செப்டம்பரில் 1 பங்குக்கு 10 போனஸ் (இலவசப் பங்கு) கொடுத்தது. 1 பங்கு 11 ஆனது, விலையும் பதினொன்றில் ஒரு பங்காக இறங்கியது. போனஸுக்கு முன் 2023-24க்குக் கொடுத்த டிவிடெண்ட் ₹150. பழைய 150ஐப் புது விலையால் வகுக்கிற தளங்கள் 40%, 50% என்று காட்டும்.

சரியான கணக்கு: 150ஐ 11ஆல் வகுத்தால் ₹13.64. 2024-25க்கு அறிவித்தது ₹10. அதாவது டிவிடெண்ட் 27% வெட்டப்பட்டிருக்கிறது. போனஸ் கொடுத்த மகிழ்ச்சியில் இது பலர் கண்ணில் படவே இல்லை. விலை ₹250 என்றால் 4%தான், அதுவும் ஆண்டுக்கு ஒரே தவணை. ஹைதராபாத் கம்பெனி, கிட்டத்தட்ட முழுக்கச் சிகரெட்தான், விலை குறைந்த பிராண்டுகள் அதிகம். வரி ஏறும்போது பீடிக்கும் கள்ளச் சிகரெட்டுக்கும் முதலில் ஆளை இழப்பது இந்தக் கீழ் விலைப் பிரிவு. ஐடிசிக்குப் பதிலாக இதை வருமானத்துக்கு வைக்க நான் சொல்ல மாட்டேன்.

காட்ஃப்ரே பிலிப்ஸ் வேறு ரகம். பிலிப் மோரிஸ் உரிமத்தில் மார்ல்போரோ தயாரிக்கிறது, ஃபோர் ஸ்கொயர் சொந்த பிராண்ட். 2024-25க்கு ₹35ம் ₹60ம் சேர்த்து ₹95 கொடுத்தது. 2025 செப்டம்பரில் 1க்கு 2 போனஸ், ஆக இப்போதைய பங்குக்கு ₹31.67 என்று படிக்க வேண்டும். போனஸுக்கு முன் ₹10,000 பக்கம் போன விலையில் அந்த ₹95 ஒரு சதவீதத்துக்கும் கீழே. வளர்ச்சிக்காக வாங்குகிறவர்கள் பார்க்கிற பங்கு, டிவிடெண்டுக்காக அல்ல.

மூன்றுக்கும் பொதுவாக ஒன்று. "785% டிவிடெண்ட்" என்று செய்தி வந்தால் அது முகமதிப்பின் மேல். ஐடிசி முகமதிப்பு ₹1, ஆக 785% என்பது ₹7.85. சிறப்பு டிவிடெண்டையும் தனியே எடுத்துவிட வேண்டும். 2022-23ல் ஐடிசி கொடுத்த ₹15.50ல் ₹2.75 சிறப்பு. அதை ஒதுக்கினால் ₹12.75, அடுத்த ஆண்டு ₹13.75. குறைந்ததுபோல் தெரிந்தாலும் உண்மையில் ஏறியிருக்கிறது.

வரிப்படிவம்_மதுரை எழுதியது:

டிடிஎஸ் பற்றி. ஒரு கம்பெனியிலிருந்து ஒரு நிதியாண்டில் வரும் டிவிடெண்ட் ₹10,000ஐத் தாண்டினால் 10% பிடிப்பார்கள் (2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு ₹5,000). பான் இணைக்காமலோ செயலிழந்தோ இருந்தால் 20%. ஐடிசி கணக்கில் ₹14.35 வீதம் 696 பங்குகள் வரை வரம்புக்குள் வரும். முதல் தவணையில் பிடிக்காமல் விட்டு, இரண்டாவதில் மொத்தத்துக்கும் சேர்த்துப் பிடிப்பதும் உண்டு. அப்போது கைக்கு வரும் தொகை எதிர்பார்த்ததைவிடக் குறையும், பதற வேண்டாம்.

அப்பாவுக்கு 60 தாண்டியதால் 15எச் (வரி பிடிக்க வேண்டாம் என்று கொடுக்கும் படிவம்). அந்த ஆண்டுக்கான மொத்த வரி பூஜ்யம் ஆகும் என்றால் கொடுக்கலாம். புதிய முறையில் வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்து தள்ளுபடியால் வரி பூஜ்யம் ஆனாலும் கொடுக்கலாம். ஆனால் 60க்குக் கீழே உள்ளவர்கள் 15ஜி கொடுக்க இது போதாது. வரி பூஜ்யமாக இருப்பதோடு அந்த வகை வருமானங்களின் கூட்டுத்தொகை அடிப்படை விலக்கு வரம்பையும் தாண்டக் கூடாது. தவறான 15ஜி கொடுத்துப் பின்னால் நோட்டீஸ் வாங்குவது இந்த இடத்தில்தான்.

பேங்கில் கொடுத்த 15எச் கம்பெனிக்குச் செல்லாது. ஒவ்வொரு கம்பெனிக்கும், ஒவ்வொரு நிதியாண்டும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். இறுதி டிவிடெண்டுக்கு முன் கம்பெனி மெயில் அனுப்பும்; அதில் கடைசித் தேதியும் பதிவேற்றும் இணைப்பும் இருக்கும். ஐடிசி பங்குதாரர் சேவையைக் கொல்கத்தாவில் தன் சொந்தப் பிரிவிலேயே வைத்திருக்கிறது, விஎஸ்டிக்கு கேஃபின் என்ற வெளி நிறுவனம். டீமேட்டில் (பங்குகள் இருக்கும் கணக்கில்) மெயில் முகவரி பழையதாக இருந்தால் அந்த மெயில் வரவே வராது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்ணும் படிவ எண்ணும் மாறுகின்றன, அதனால் பழைய படிவத்தை நிரப்பி வைக்காமல் மெயிலில் வருவதையே பயன்படுத்துங்கள்.

ரிட்டர்னில் அடிக்கடி நடக்கும் பிழை: பேங்கில் ஏறிய தொகையை எழுதுவது. ₹22,427 டிவிடெண்டில் ₹2,243 பிடித்து ₹20,184 வந்திருந்தால், வருமானம் ₹22,427. பிடித்ததை டிடிஎஸ் பகுதியில் கோர வேண்டும். ஏஐஎஸ்ஸில் (வருமான வரித்துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கை) முழுத்தொகை ஏற்கனவே இருக்கும், பொருந்தவில்லை என்றால் கேள்வி வரும். டிவிடெண்டைக் காலாண்டுவாரியாகப் பிரித்தும் எழுத வேண்டும்.

பழைய ஐடிசி வைத்திருப்பவர்களுக்கு: ஹோட்டல் தொழிலைப் பிரித்தபோது, 2025 ஜனவரி 6 ரெக்கார்ட் டேட்டில் 10 பங்குக்கு 1 ஐடிசி ஹோட்டல்ஸ் பங்கு வந்தது. வாங்கிய விலையில் 86.49% ஐடிசிக்கு, 13.51% ஹோட்டல்ஸுக்கு. ₹400க்கு வாங்கியிருந்தால் ஐடிசியின் அடக்க விலை இனி ₹345.96, 10 பங்குக்கு வந்த ஒரு ஹோட்டல்ஸ் பங்கின் அடக்கம் ₹540.40. வாங்கிய தேதி பழையதே. பல புரோக்கர் ஆப்களில் இது தானாகச் சரியாவதில்லை.

அடையாறு_வாசி எழுதியது:

பணக்கணக்குக்கு நடுவே இதையும் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் ஆண்டுக்கு 13 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் புகையிலையால் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. புற்றுநோய் மருத்துவமனை வாசலில் நிற்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த டிவிடெண்ட் கையில் ஒட்டாது. நான் வாங்க மாட்டேன், வாங்குகிறவரைத் திட்டவும் மாட்டேன். முடிவு தெரிந்து எடுத்ததாக இருக்கட்டும்.

வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களுக்கு ஒரு விவரம்: நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட் வைத்திருந்தால் ஐடிசி அதற்குள் ஏற்கனவே இருக்கிறது. புகையிலையே வேண்டாம் என்றால் நிஃப்டி 100 ஈஎஸ்ஜி குறியீட்டில் புகையிலை, மது, சூதாட்டக் கம்பெனிகள் விலக்கப்பட்டிருக்கின்றன.

வடமராட்சி எழுதியது:

இலங்கையில் இருந்து வாசிக்கிறவர்களுக்காக ஒரு குறிப்பு. இங்கே சிலோன் டொபாக்கோ கொம்பனி கிட்டத்தட்ட முழு இலாபத்தையும் பங்கிலாபமாகக் கொடுக்கிறது, வருடத்தில் பல தடவை இடைக்காலமாகவும் வரும். ஆனால் 84 வீதம் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவிடம் இருக்கிறது. கொழும்புச் சந்தையில் புழங்கும் பங்கு மிகக் குறைவு, அவசரமாக விற்க வெளிக்கிட்டால் நினைத்த விலைக்கு ஆள் இருக்காது. வாங்கும்போதும் விலை குறிப்பிட்டுத்தான் ஓடர் போட வேணும். தீர்வை உயர்த்தும் அபாயம் இங்கேயும் அதேதான்.

பங்குக்கணக்கு:

கொள்ளிடம்77, அப்பா இன்னும் ஐடிசி வேண்டும் என்றால் இப்படிச் செய்யலாம். 8 லட்சம் மூத்த குடிமக்கள் திட்டத்தில்: காலாண்டுக்கு ₹16,400, ஆண்டுக்கு ₹65,600. மீதி 2 லட்சத்துக்கு ₹350 விலையில் 571 ஐடிசி: ஆண்டுக்கு ₹8,194, டிடிஎஸ் வரம்புக்குள். மொத்தம் ஏறக்குறைய ₹73,800, மாதக் கணக்கில் ₹6,150. வட்டி ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி முதல் தேதிகளில் வரும். டிவிடெண்டை வீட்டுச் செலவில் சேர்க்காமல் மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் மாதிரி ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவுக்கு ஒதுக்குங்கள். டிவிடெண்ட் 20% குறைந்தாலும் மொத்தத்தில் ₹1,640தான் குறையும்.

10 லட்சமும் ஐடிசியில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜனவரி 1ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் குறைந்திருக்கும். அது இரண்டேகால் ஆண்டு டிவிடெண்டுக்கும் மேல்.

அந்த 2 லட்சத்தையும் ஒரே நாளில் போட வேண்டாம். மே மாதம் நான்காம் காலாண்டு முடிவும் இறுதி டிவிடெண்ட் அறிவிப்பும் வரும். புதிய வரிக்குப் பிறகான முதல் இரண்டு மாதங்களும் அதற்குள் அடங்கும். பாதி இப்போது, மீதியை அதைப் படித்த பிறகு. சிகரெட் பிரிவு லாபம் இரண்டு காலாண்டு தொடர்ந்து குறைந்தால் மீதியை வாங்காமல் நிறுத்திவிடுங்கள்.

டீமேட் தொடங்கும்போது ஒரு விஷயம். டிவிடெண்ட் புரோக்கரின் வர்த்தகக் கணக்கில் வராது, டீமேட்டில் பதிந்துள்ள பேங்க் கணக்குக்கு நேராகப் போகும். பேங்க் இன்னொரு பேங்கோடு இணைந்ததால் ஐஎஃப்எஸ்சி மாறியிருந்தாலோ அந்தக் கணக்கை மூடியிருந்தாலோ பணம் திரும்பிவிடும். ஏழு ஆண்டு தொடர்ந்து வாங்காமல் கிடந்தால் டிவிடெண்ட் மட்டுமல்ல, பங்குகளே முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். மீட்க ஐஇபிஎஃப்-5 படிவம் போட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பென்ஷன் வருகிற பேங்க் கணக்கையே டீமேட்டில் கொடுத்து, அம்மா பெயரை நாமினியாக அன்றைக்கே பதிந்துவிடுங்கள்.